கம்ப்யூட்டருக்குப் பூக்கேட்ட அக்கா

கம்ப்யூட்டருக்குள் எந்த இயங்குதளத்தைப் போடுவது என்று குலதெய்வத்திடம் பூக்கேட்ட ஒரே ஒரு ஆளைத்தான் எனக்குத் தெரியும். சிரித்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. நானும் சிரித்தவன்தான். அவரோடு அந்தக் கோயிலுக்கு, ஹனூர் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வழிநெடுகச் சிரித்தேன். திரும்பி வரும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். இங்கேயும் அப்படியே இருக்கட்டும். மைசூரில் நாங்கள் குடியிருந்த இடத்தை வடாரா என்பார்கள். ஒரு காம்பவுண்டு, அதற்குள் வரிசையாக ஓட்டு வீடுகள், நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு குழாய், குழாயடியில் கன்னடத்திலும் தமிழிலும் தெலுங்கிலும் சண்டை. அதில் கடைசி வீடு அக்காவுடையது. கொள்ளேகால் தாண்டி ஹனூர்ப் பக்கத்துக்காரர். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் கணவரை நான் மாமா என்பேன். மாமா ஒரு ஃபாக்டரியில் ஃபிட்டர்.

அக்காவைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் சொல்ல வேண்டும். ஒன்றை முடிவு செய்துவிட்டால் அவர் திரும்பிப் பார்க்க மாட்டார். உடனே பிடிவாதக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். பிடிவாதக்காரர்களை எனக்கு நன்றாகத் தெரியும், என் வீட்டிலேயே உற்பத்தி உண்டு. அவர்கள் தாங்கள் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்பார்கள். அக்கா முயலுக்கு நாலு கால்தான் என்று உடனே ஒத்துக்கொள்வார். ஆனால் கையில் வந்தது மூன்று கால் முயல் என்றால், அதை எப்படி ஓடவைப்பது என்றுதான் பார்ப்பாரே தவிர, வேறு முயல் பிடித்திருக்கலாமோ என்று ஒருநாளும் யோசிக்க மாட்டார்.

என் தங்கை கல்யாணத்துக்குப் புடவை எடுக்க சயாஜி ராவ் ரோட்டுக் கடைக்கு எல்லோரும் போனோம். என் அம்மாவும் தங்கையும் கடையையே கவிழ்த்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அக்காவும் தனக்கு ஒன்று வேண்டும் என்றார். நான் ஒரு காபி குடித்துவிட்டு வருவதற்குள் கத்தரிப்பூக் கலரில் ஒன்றை எடுத்துப் பில்லும் போட்டாயிற்று. முதல் சலவையிலேயே சாயம் போய் மாமாவின் வேட்டியெல்லாம் கத்தரிப்பூ. என் அம்மாவுக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். "பாத்து எடுக்கணும்மா, நான் அப்பவே சொன்னேன்ல?" என்று துக்கம் விசாரிக்கப் போனாள். அக்கா கொடியில் புடவையை உதறிக்கொண்டே, "சாயம் போற சேலைன்னு தெரிஞ்சுபோச்சுங்க. இனிமே தனியா அலசோணும். அவ்வளவுதானுங்களே?" என்றார். அந்தப் புடவையைப் பல வருஷம் உடுத்தினார். வெளுத்து வெளுத்துக் கடைசியில் அது பிடித்த நிறமே பிரமாதமாக இருந்தது.

இன்னொரு தடவை பஸ் மாறி ஏறிவிட்டார். போக வேண்டியது கொள்ளேகால், ஏறியது நஞ்சன்கூடு பஸ். ஊர் எல்லை தாண்டியதும் தெரிந்துவிட்டது. கண்டக்டர், "இளீரம்மா, பேரே பஸ் ஹிடீரி" என்று இறங்கி வேறு பஸ் பிடிக்கச் சொல்லி விசில் அடித்தாராம். அக்கா இறங்கவில்லை. "ஏறியாச்சு, போவட்டும்" என்று நஞ்சன்கூடு வரைக்கும் போய், கோயிலில் சாமி கும்பிட்டு, ஒரு சீப்பு ரசபாளெ வாழைப்பழம் வாங்கிக்கொண்டு சாயங்காலம் வந்து சேர்ந்தார். கொள்ளேகாலில் காத்துக்கொண்டிருந்தவர்கள் திட்டியதையும் வாங்கிக்கொண்டார். பழம் எங்களுக்கெல்லாம் வந்தது.

இவ்வளவு ஏன், அவர் கல்யாணமே அப்படித்தான். ரெண்டு மாப்பிள்ளை வந்ததாம். ஒருவர் மாமா, இன்னொருவர் வாத்தியார் வேலைக்குப் படித்துக்கொண்டிருந்தவர். பூக்கேட்டதில் மாமாவுக்கு விழுந்தது. இதை மாமாவை வைத்துக்கொண்டே சொல்வார். "அந்த வாத்தியாரு இப்ப சொந்தமா வீடு கட்டிட்டாருங்க." எனக்கு வாய் சும்மா இருக்காதே. "வருத்தமா இல்லையாக்கா?" என்றேன். "எதுக்குங்க? அவருகூடக் குடும்பம் நடத்துனவளுக்குத்தான அவரு எப்பிடின்னு தெரியும்? எனக்கு இவரு எப்பிடின்னு தெரியும்." மாமா பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. தன் சொந்தத் தங்கையோடு ஏதோ நிலத் தகராறில், இனி உன் வாசப்படி மிதிக்க மாட்டேன் என்று ஒருநாள் சொல்லிவிட்டார். தங்கை மகள் கல்யாணம் வந்தது. தங்கையே நேரில் வந்து அழைத்தாள். அக்கா சீர்வரிசையெல்லாம் ஒரு குறையில்லாமல் வாங்கிக்கொண்டு போனார். ஆனால் மண்டபத்து கேட்டுக்கு வெளியிலேயே நின்று, மணப்பெண்ணைக் கூட்டிவரச் சொல்லி, கன்னத்தைத் தடவிக் கொடுத்து, தட்டை நீட்டிவிட்டுத் திரும்பி நடந்துவிட்டார். கூடப் போன நான் பின்னாலேயே ஓடினேன். அன்றைக்கு அவரைப் பார்க்கவே பயமாக இருந்தது.

பூக்கேட்பது பற்றித் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர்கள் பக்கத்து வழக்கம் அது. மனசு ரெண்டு பக்கம் இழுக்கிற காரியமா, கோயிலுக்குப் போய் வெள்ளைப் பூவை ஒரு பொட்டலமாகவும் சிவப்புப் பூவை ஒரு பொட்டலமாகவும் கட்டி அம்மன் காலடியில் போடுவார்கள். எந்தப் பூவுக்கு எது என்று முதலிலேயே மனசில் நினைத்துக்கொள்ள வேண்டும். விவரம் தெரியாத ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். வந்தது வந்ததுதான். பலபேர் கேட்டுவிட்டு, வந்த பதில் பிடிக்காமல், வேறு கோயிலுக்குப் போய் மறுபடி கேட்பதும் உண்டு. அக்காவுக்கு அது ஆகவே ஆகாது. "கேட்டதுக்கப்பறம் மறுக்கறதா இருந்தா கேக்கவே கூடாதுங்க தம்பி. நாம என்ன, சாமிகிட்டப் பேரம் பேசவா போனோம்?" என்பார்.

இனி கம்ப்யூட்டர் கதைக்கு வருகிறேன். தொண்ணூறுகளின் கடைசி. பையன்கள் எல்லாம் கம்ப்யூட்டர் கிளாஸுக்குப் போக ஆரம்பித்ததும் அக்காவின் இன்ஸ்டிடியூட்டை மூடிவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து மாமாவின் ஃபாக்டரியில் லாக்-அவுட். வீட்டில் ரெண்டு பேருமே சும்மா. அக்கா தன் வளையல்களைக் கழற்றி விற்றார். யூனிவர்சிட்டியில் ஆராய்ச்சி செய்கிறவர்களுக்குத் தீசிஸ் அடித்துக்கொடுக்கலாம், வீட்டிலேயே ஒரு கம்ப்யூட்டர் போட்டுவிடலாம் என்று முடிவு செய்தார். அந்தப் பெட்டி சம்பாதித்தால்தான் இனி அந்த வீட்டில் அடுப்பு எரியும். இது வடாராவில் எல்லோருக்கும் தெரியும்.

பெட்டியைப் பாகம் பாகமாகப் பூட்டிக் கொடுத்தவன் நான். ஒரு தனியார் கம்பெனிக் கணக்குப் பிரிவில் குப்பை கொட்டிக்கொண்டிருந்தேனே தவிர, என் உயிரெல்லாம் கம்ப்யூட்டரில்தான் இருந்தது. பெங்களூர் போய் உதிரி பாகம் வாங்கிவந்து ஞாயிற்றுக்கிழமைகளில் தெரிந்தவர்களுக்குப் பூட்டித் தருவேன். அக்காவின் பெட்டியை அவர் வீட்டுக் கூடத்திலேயே பூட்டினேன். கடைசி ஸ்க்ரூவை முடுக்கிவிட்டு, டீ குடித்துக்கொண்டே கேட்டேன். "அக்கா, உள்ள என்ன போடட்டும்?"

"என்னென்ன இருக்குதுங்க?"

"விண்டோஸ் போட்டா எல்லாருக்கும் தெரிஞ்சது. படம் படமா வரும், மவுஸால தட்டினா போதும். ஸ்டூடன்ட்ஸ் ஃப்ளாப்பி கொண்டுவந்தா அப்படியே தொறக்கும். ஆனா..."

"ஆனா?"

"லினக்ஸ்னு ஒண்ணு வந்திருக்குக்கா. கம்ப்யூட்டர் பத்திரிகையோட சிடி குடுத்திருக்காங்க. உள்ள என்ன நடக்குதுன்னு நாமே தெறந்து பாக்கலாம், மாத்தலாம். சூப்பரா இருக்கும். ஆனா..."

"அதுக்கும் ஆனாவா?"

என் வியாதி அது. ஒரு பக்கம் பேச ஆரம்பித்தால் மறுபக்கத்துக்கும் நானே வக்கீலாகிவிடுவேன். டீ ஆறிப்போகும்வரை பேசினேன். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்க பொட்டியில எது போட்டிருக்கறீங்க?" என்றார்.

"ரெண்டும் இருக்கு. டாஸும் வெச்சிருக்கேன்."

"எதுல வேலை செய்யறீங்க?"

நான் டம்ளரைக் கழுவி வைக்க எழுந்தேன். உண்மையைச் சொன்னால், எதிலும் ஒரு உருப்படியான வேலை செய்ததில்லை. ஒன்றைப் போடுவேன், ஒரு வாரத்தில் அழிப்பேன், அடுத்ததைப் போடுவேன். கல்யாணத்துக்குப் பார்த்த பெண்கள் விஷயத்திலும் எனக்கு இதே கதைதான் ஓடிக்கொண்டிருந்தது.

"சரிங்க," என்றார் அக்கா. "தெரிஞ்ச நீங்களே இப்பிடி ஊசலாடுனா, தெரியாதவ நான் என்ன பண்றது? ஞாயித்துக்கெழமை ஊருக்குப் போயிப் பூக்கேட்டரலாம்."

நான் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றே நினைத்தேன்.

ஹனூரில் இறங்கி, ராகிக் காட்டு வழியாகக் கொஞ்சம் நடந்தால் அவர்கள் குலதெய்வம். சின்னக் கோயில், பெரிய வேப்பமரம். பூசாரி வெள்ளை நந்தியாவட்டையும் செவ்வரளியும் எடுத்துவந்து, "என்ன காரியம் சாமி? கல்யாணப் பேச்சா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. ஒரு பொட்டி வாங்கியிருக்கறோம். அதுக்குள்ள எதை வெக்கறதுன்னு கேக்கோணும்."

"என்ன பொட்டி? நகைப் பொட்டியா?"

"கம்ப்யூட்டருங்க."

பூசாரி என்னைப் பார்த்தார். நான் வேப்பமரத்தைப் பார்த்தேன். அவர், "என்னமோ ஒண்ணு. ஆத்தாவுக்குத் தெரியாதது இருக்குதா?" என்று பொட்டலம் கட்டினார். வெள்ளை விண்டோஸ், சிவப்பு லினக்ஸ் என்று நான்தான் சொன்னேன். சொல்லும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது. பொங்கல் வைக்க வந்திருந்த யாரோ ஒரு குடும்பத்துப் பெண்குழந்தை, விரலைச் சப்பிக்கொண்டே வந்து ஒன்றை எடுத்துக்கொடுத்தது. அக்கா பிரித்தார். செவ்வரளி.

என் சிரிப்பு அங்கேதான் நின்றது. ஏனென்றால் லினக்ஸை நானே ஒழுங்காக ஓட்டிப் பார்த்ததில்லை. "அக்கா, இது வேற விஷயம்க்கா. இதை வெச்சுப் பொழைக்க முடியாது" என்று பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கெஞ்சினேன். அவர் அரளிப்பூவைத் தலைப்பில் முடிந்துகொண்டு, "பூ வழியத்தானுங்க காட்டும். நடக்கறது நம்ம காலு" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

போட்டேன். அது போட்ட பாடு இருக்கிறதே! நான் வாங்கிப் பூட்டியிருந்த படக் கார்டு அதோடு ஒத்துப்போகவில்லை. தலைகீழாக நின்று பார்த்தேன், படம் வரவில்லை. மவுஸ் செத்த எலியாகக் கிடந்தது. கருப்புத் திரையில் வெள்ளை எழுத்து மட்டும்தான். மாமா வந்து பார்த்துவிட்டு, "ஏந் தம்பி, டிவி வாங்குனாப் படம் வரோணும். இது ரேடியோ மாதிரியல்ல இருக்குது?" என்றார். அக்காவுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. எந்தக் கட்டளைக்கு என்ன நடக்கும் என்று என்னைக் கேட்டுக் கேட்டு, எனக்குத் தெரியாததைச் சிடியில் இருந்த குறிப்புகளைப் படித்துத் தானே தேடிக்கொண்டு, நாளெல்லாம் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார். விரல்கள் மட்டும் இன்ஸ்டிடியூட்டில் ஓடிய அதே வேகத்தில் ஓடின.

ஆனால் வேலை வரவில்லை. மாணவர்கள் வருவார்கள், கருப்புத் திரையைப் பார்ப்பார்கள், "நாளே பர்த்தீனி அக்கா" என்று நாளைக்கு வருவதாகச் சொல்வார்கள், வர மாட்டார்கள். அவர்கள் ஃப்ளாப்பியில் கொண்டுவந்தது இதில் சரியாகத் திறக்காது. கன்னடத்தில் அடிக்க இதில் என்னால் வழி கண்டுபிடிக்க முடியவில்லை. முனையில் இருந்த கம்ப்யூட்டர் கடையில் கூட்டம் அலைமோதியது. அக்கா வீட்டில் குழம்பு தண்ணீராகிக்கொண்டே வந்தது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஒருநாள் கத்தியே விட்டேன். "பூவையா அக்கா சமைச்சுச் சாப்பிடப் போறீங்க? சும்மா ஒரு மணி நேரம் விடுங்க, மாத்திடறேன். யாருக்கும் தெரியப் போறதில்ல."

"எனக்குத் தெரியுமில்லீங்க?" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். அதுதான் என்னை இன்னும் எரிச்சல்படுத்தியது.

அக்கா ஒருநாள் கொள்ளேகாலில் ஒரு சாவுக்குப் போயிருந்தபோது மாமா என் வீட்டுக்கு வந்து தயங்கித் தயங்கி நின்றார். "தம்பி, அந்த விண்டோஸு சிடி இருக்குதா?" என்றார். நான் எடுத்துக்கொண்டு கூடவே போனேன். ரெண்டு பேரும் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தோம். சுவிட்சைப் போட்டேன். கருப்புத் திரை வந்தது. நான் மாமா முகத்தைப் பார்த்தேன், மாமா என் முகத்தைப் பார்த்தார். "அவ வந்து ஒண்ணும் கேக்க மாட்டா," என்றார் மாமா. "கேக்காம ஒரு பார்வை பாப்பா பாருங்க. அது எனக்கு ஆகாது. அணைச்சுப்போட்டு வாங்க, டீ குடிக்கப் போலாம்." போனோம். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து குடித்தபடி, உலகத்தில் உள்ள எல்லா ஃபாக்டரி முதலாளிகளையும் திட்டினோம்.

அப்புறம்தான் அந்த ஆராய்ச்சி மாணவன் வந்தான். கொள்ளேகால் பையன், யாரோ அக்காவைப் பற்றிச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். கணக்கில் பிஎச்டி. பக்கத்துக்குப் பக்கம் சூத்திரம். எல்லாக் கடைக்காரர்களும் தொட மாட்டோம் என்றுவிட்டார்கள். இதில் இன்னொரு சிக்கல், அவனுக்குக் கைடாக இருந்த பேராசிரியர் மே மாதக் கடைசியில் ரிட்டயர் ஆகிறார். அதற்குள் அவர் கையெழுத்தோடு தீசிஸ் உள்ளே போகவில்லை என்றால், வேறு கைடு தேடி அவன் முதலிலிருந்து அலைய வேண்டும். அவன் கருப்புத் திரையைப் பார்த்ததும் ஓடிப்போகவில்லை. முகம் மலர்ந்து, "அக்கா, இது லினக்ஸ்தானே? இதில் கணக்கு அடிக்கிற சாஃப்ட்வேர் சிடியிலேயே கூட வரும். எங்க டிபார்ட்மென்ட்டில் புரொஃபசர்கள் அதில்தான் அடிக்கிறார்கள்" என்றான். தேடிப் பார்த்தேன். இருந்தது! இத்தனை மாதமாக அந்தச் சிடிக்குள்ளேயே இருந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை.

அதில் அடிப்பது எப்படி என்று சொன்னால்தான் அக்கா என்ன செய்தார் என்று உங்களுக்குப் புரியும். பின்னம் வேண்டுமா, அதற்கு ஒரு சொல். வர்க்கமூலமா, அதற்கு ஒரு சொல். கிரேக்க எழுத்துக்கு ஒன்று, மேலே ஏறும் எண்ணுக்கு ஒன்று. எல்லாவற்றையும் அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறியாக அடித்துக்கொண்டே போக வேண்டும். ஒன்றை மூட மறந்தால் பக்கமே போச்சு. படம் வருகிற கம்ப்யூட்டர் என்றால் சூத்திரம் எப்படி வந்திருக்கிறது என்று திரையிலேயே பார்த்துக்கொள்ளலாம். அக்காவின் திரையில் படமே வராதே! அந்தப் பையன் ஃப்ளாப்பியை டிபார்ட்மென்ட்டுக்கு எடுத்துப்போய் லேசர் பிரிண்டரில் அச்செடுத்து வந்தால்தான் அக்காவுக்குத் தான் அடித்தது என்ன உருவத்தில் இருக்கிறது என்றே தெரியும்.

முதல் அச்சு வந்த சாயங்காலம் நான் கூட இருந்தேன். தொகையீட்டுக் குறி பாம்பு மாதிரி நெளிந்து, மேலும் கீழும் குட்டி எண்களோடு, பெரிய புத்தகத்தில் இருப்பதுபோல அவ்வளவு சுத்தமாக இருந்தது. எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. "எப்படிக்கா, பாக்காமலே அடிச்சீங்க?" என்றேன்.

"டைப்பு அடிக்கறப்ப யாருங்க பேப்பரப் பாக்கறா? பாத்து அடிச்சாத்தான் தப்பு வரும்," என்றார். இன்ஸ்டிடியூட்டில் விசைகள்மேல் துண்டைப் போட்டு மூடிச் சொல்லிக்கொடுத்தவர் ஆயிற்றே.

மே மாதம் பிறந்தது. கடைசி அத்தியாயம் பாதியில் இருக்கும்போது, மைசூரில் அந்த மாதம் வருமே மாங்காய் மழை, அது இடியோடு வந்தது. மத்தியானம்தான். வடாராவில் பல்புகள் ஒருமுறை பளிச்சென்று எரிந்து அணைந்தன. அக்காவின் பெட்டியிலிருந்து கருகிய வாசம். நான் திறந்து பார்த்தேன். மதர்போர்டு போயிற்று, ஹார்ட் டிஸ்க்கும் போயிற்று. அந்தப் பையன் குழாயடியிலேயே உட்கார்ந்துவிட்டான். முடிந்த அத்தியாயங்கள் எல்லாம் ஃப்ளாப்பியில் பத்திரமாக இருந்தன. போனது அந்தப் பாதி அத்தியாயம் மட்டும்தான். ஆனால் அடிக்கப் பெட்டி வேண்டுமே. கைடு ரிட்டயர் ஆக ஒரு வாரத்துக்குக் கொஞ்சம்தான் மேலே இருந்தது.

நான் வீட்டுக்குப் போய் என் கம்ப்யூட்டரைப் பிரித்தேன். மதர்போர்டு, படக் கார்டு, டிஸ்க் எல்லாவற்றையும் கழற்றி, மூன்று இயங்குதளங்களையும் துடைத்துவிட்டு, அக்காவின் பெட்டியில் பூட்டினேன். இந்தக் கார்டில் எதைப் போட்டாலும் படம் வரும். சுவிட்சைப் போட்டதும் பெட்டி ஒன்றும் இல்லாமல், வாங்கிய அன்றைக்கு இருந்தது மாதிரியே காத்திருந்தது. எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது.

"அக்கா," என்றேன், "நீங்க பூக்கேட்டது அந்த டிஸ்க்குக்கு. அது செத்துப்போச்சு. வாக்கும் அதோட முடிஞ்சுது. இது என் டிஸ்க்கு. இதுக்கு யாரும் பூக்கேக்கல. இப்ப விண்டோஸ் போட்டுக்கலாம். அந்தக் கணக்கு சாஃப்ட்வேர் விண்டோஸுக்கும் இருக்கு, என் ஃப்ரெண்டுகிட்ட சிடி இருக்கு. இந்தத் தீசிஸும் முடியும். நாளைக்கு மத்த ஸ்டூடன்ட்ஸும் வருவாங்க. கன்னடமும் அடிக்கலாம். சாமியே வழி விட்டிருக்குக்கா!"

மாமா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "தம்பி சொல்றது நாயந்தான்" என்றார் மெதுவாக. பையன் எங்களை மாறி மாறிப் பார்த்தான். அவன் உயிரே அந்தப் பெட்டியில்தான் இருந்தது. நான் சொன்னதில் ஒரு ஓட்டை கிடையாது. இன்றைக்கு யோசித்தாலும் கிடையாது.

அக்கா யோசித்தார். அவர் யோசித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். ரெண்டு சிடியையும் ரெண்டு கையில் எடுத்துப் பார்த்தார். வெளியே ஓட்டிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஹனூருக்குப் போய் மறுபடி கேட்டுவிட்டு வரலாம் என்பாரோ என்று எனக்கு ஒரு பயம். அதற்கு நேரமில்லை. அப்புறம் ஒரு சிடியைத் தட்டில் வைத்து உள்ளே தள்ளினார். லினக்ஸ்.

நான் உதவ நாற்காலியை இழுத்துப் போட்டேன். தேவைப்படவில்லை. போன தடவை நான் தலைகீழாக நின்று போட்டதை, அவரே ஒவ்வொரு கேள்விக்கும் பதில் அடித்து, எங்கேயும் தடுமாறாமல் போட்டு முடித்தார். டிஸ்க்கை எப்படிப் பிரிப்பது என்கிற இடத்தில் நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "அது வேண்டாமுங்க, போன தடவ அப்பிடிப் போட்டுத்தான் எடம் பத்தல" என்றார். நான் நாற்காலியில் சாய்ந்துகொண்டேன். அந்த மனுஷியை எனக்கு எத்தனையோ வருஷமாகத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என்ன பெரிய தெரியும்! பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கப் பார்க்க, கும்பிடலாம் போல இருந்தது.

படமும் வந்தது. மவுஸும் நகர்ந்தது. முதல் தடவையாகத் தான் அடித்த சூத்திரத்தைத் திரையிலேயே பார்த்து, "அட, இப்பிடித்தான் இருக்குதா?" என்று கொஞ்ச நேரம் ரசித்தார். பிறகு படத்தை மூடிவிட்டுக் கருப்புத் திரைக்கே போய் அடிக்க உட்கார்ந்துவிட்டார். பையன் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்க வாசிக்க, போன பாதி அத்தியாயம் திரும்பி வந்தது. மீதிப் பாதியும் வந்தது. மாமா சமைத்தார், உப்பு அதிகம், மோர் ஊற்றிச் சாப்பிட்டோம். கைடு ரிட்டயர் ஆவதற்கு முந்தைய நாள் கையெழுத்து ஆகி, தீசிஸ் உள்ளே போயிற்று. அடுத்த வாரமே அதே டிபார்ட்மென்ட்டிலிருந்து இன்னும் ரெண்டு பேர், கையெழுத்துப் பிரதியோடு எங்கள் வடாராவுக்கு வழி கேட்டுக்கொண்டு வந்தார்கள். அதற்கப்புறம் அந்த வீட்டில் அடுப்பு அணையவில்லை.

பையன் ஸ்வீட் பெட்டியோடு வந்துவிட்டுப் போன அன்றைக்கு, மைசூர்பாகைக் கடித்துக்கொண்டே நான் கேட்டேன். கேட்காமல் என்னால் இருக்க முடியாது. "அக்கா, பூவோட வாக்கு முடிஞ்சுபோச்சுன்னு நான் சொன்னது சரிதானே? அப்புறம் எதுக்கு மறுபடியும் அதையே போட்டீங்க? பூவுக்குப் பயந்தா?"

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பூவுக்கு என்னத்துக்குங்க பயப்படோணும்? அன்னிக்கு எனக்கு ரெண்டுமே தெரியாதுங்க தம்பி. அதனால பூக்கேட்டேன். இப்ப எனக்கு ஒண்ணு தெரியும். தெரிஞ்சதுக்கப்பறமும் சாமியப் போயித் தொந்தரவு பண்ணலாமுங்களா?"